முசுட்டு எதிர்நாயகியை வாசகருக்கு அறிமுகப்படுத்துவது எப்படி: வெளிவரவிருக்கும் இருண்ட மிகுபுனைவு (டார்க் ஃபேண்டஸி) நாவலுக்கான முழுமையான வழிகாட்டி

ஒரு நாவல் அச்சகத்திலிருந்து வெளியே வருவதற்கு வெகு முன்பே அதன் முதன்மைப் பாத்திரம் வாசகரிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. பதிப்பாளரின் முன்வெளியீட்டு அறிவிப்பு, பின்னட்டைக் குறிப்பு, இதழில் வரும் மாதிரி அத்தியாயம், ஒரு வாசகர் இன்னொருவருக்குச் சொல்லும் இரண்டு வரி ஆகியவையே அந்தப் பாத்திரத்தின் முதல் முகங்கள். நல்லவரான நாயகருக்கு இந்த முகத்தை வரைவது பெரிய பாடில்லை. யாருக்கும் முகம் கொடுக்காத, எடுத்தெறிந்து பேசுகிற, கூலி வாங்கிக்கொண்டு தவறும் செய்கிற ஒரு முசுட்டுப் பாத்திரத்தை முன்னிறுத்தும்போதுதான் எழுதுபவருக்குக் கை நடுங்குகிறது. வாசகர் வெறுத்துவிடுவாரோ என்ற அச்சத்தில், பாத்திரம் வாயைத் திறப்பதற்குள் ஆசிரியரே முன்னால் வந்து நின்று, "உள்ளுக்குள் இவள் நல்லவள்தான், சின்ன வயதில் பட்ட அடியால் இப்படி ஆகிவிட்டாள்" என்று வக்காலத்து வாங்கத் தொடங்கிவிடுகிறார். அந்த வக்காலத்தே பாத்திரத்தைக் கொன்றுவிடுகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

எதிர்நாயகரை, அதாவது நல்லவராக இல்லாமலே கதையின் மையமாக நிற்பவரை, அறிமுகப்படுத்தும்போது அவர் பட்ட காயத்தைச் சொல்லாதீர்கள். அவர் செய்யும் வேலையையும், அதற்கு வாங்கும் கூலியையும், அந்த வேலையால் அவர் இழப்பதையும் காட்டுங்கள். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒன்றைச் செய்து முடிப்பதற்கானவைதான்.

வெறும் விதிகளாகச் சொன்னால் பயன்படாது என்பதால், நான் எழுதிவரும் நாவலின் முதன்மைப் பாத்திரத்தையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். அவள் பெயர் வடிவு. உப்பளங்கள் சூழ்ந்த ஒரு கற்பனைக் கடற்கரையில், செத்த வீடுகளில் ஒப்பாரி பாடுவது அவள் தொழில். அந்த நாட்டில் செத்தவர்கள் தாமாகப் போய்விடுவதில்லை. வாழ்ந்த காலத்தில் செய்தது அத்தனையும், நல்லதும் கெட்டதுமாக, வீட்டார் முன்னிலையில் விடிவதற்குள் பாடி முடிக்கப்பட்டால்தான் போவார்கள். இல்லாவிட்டால் சொந்த வீட்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். வடிவுக்குக் கூலி உப்பு. கூடுதலாக உப்பு அளந்தால், வீட்டார் மறைக்க விரும்பும் ஒரு வரியைப் பாடாமல் விட்டுவிடுவாள். விட்ட வரி செத்தவரோடு போகாது. அது ஒவ்வொரு இரவும் அவளுடைய குடிசை வாசலுக்கு வந்து நிற்கும்.

முதற்படி: நான்கு தீர்மானங்கள்

அறிமுகம் எழுத உட்காருவதற்கு முன் நான்கு கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். இவருக்கு எந்த வேலையில் கை தேர்ந்திருக்கிறது? அந்த வேலைக்கு என்ன வாங்குகிறார்? எதை மட்டும் எந்த விலைக்கும் செய்யமாட்டார்? செய்வதற்கெல்லாம் என்ன இழக்கிறார்?

முதல் கேள்வியைப் பலர் இலேசாக விட்டுவிடுகிறார்கள். ஒருவருடைய சிடுசிடுப்பை வாசகர் பொறுத்துக்கொள்வதற்கு முதற்காரணம் அவருடைய தொழில் திறமைதான். ஊரிலேயே கெட்ட வாய்க்காரராக இருக்கும் வைத்தியர் வீட்டு வாசலில்தான் கூட்டம் நிற்கும் என்பது நமக்குத் தெரிந்த உண்மை. போலந்து எழுத்தாளர் ஆந்திரேய் சப்கோவ்ஸ்கியின் கெரால்ட், கூலிக்கு அரக்கர்களை வேட்டையாடுபவன், 1986இல் 'ஃபந்தாஸ்திகா' என்ற போலந்து இதழில் ஒரு சிறுகதை வழியாக அறிமுகமானபோது, அந்நியனாக ஓர் ஊருக்குள் நுழைகிறான். மதுக்கடையில் தகராறு வருகிறது. மூன்று பேரைக் கொல்கிறான். அடுத்து, ஊர்த் தலைவனிடம் உட்கார்ந்து, அரசன் அறிவித்திருக்கும் 3000 ஓரன் நாணய வெகுமதிக்குரிய வேலையைப் பற்றிப் பேசுகிறான். அவன் யார், எங்கே வளர்ந்தான், ஏன் இப்படியானான் என்பதற்குள் கதை போகவே இல்லை. தொழில், கூலி, கையின் வேகம் ஆகிய மூன்றும் போதுமானவையாக இருந்தன.

மூன்றாம் கேள்விக்கான விடை, அதாவது அவர் தாண்டாத எல்லை, சிறியதாகவும் திட்டவட்டமானதாகவும் இருக்க வேண்டும். "ஏழைகளுக்கு இரங்குவாள்" என்பது எல்லை ஆகாது, அது சான்றிதழ். வடிவு குழந்தைகளின் சாவுக்குப் பாடக் கூலி வாங்கமாட்டாள், அங்கே வரியையும் விடமாட்டாள். நாவலின் பாதி வரைக்கும் இதற்குக் காரணம் சொல்லப்படுவதில்லை.

நான்காம் கேள்விதான் இருண்ட மிகுபுனைவுக்கே உரியது. நடப்பியல் நாவலில் தவறுக்கான விலை மனத்துக்குள்ளேயே தங்கிவிடலாம். மிகுபுனைவில் அது கதவைத் தட்டும், நிழலாக நிற்கும், உடம்பில் ஏறும். உங்கள் உலகத்தின் மாய விதியும் உங்கள் பாத்திரத்தின் குற்றமும் ஒரே இடத்தில் சந்திக்கவில்லை என்றால், அறிமுகத்தை எழுதுவதை நிறுத்திவிட்டு நாவலுக்கே திரும்பிப் போவது நல்லது. வடிவு விட்ட வரிகள் அவள் வாசலுக்கே வருவது அந்தச் சந்திப்புக்காகத்தான்.

இரண்டாம் படி: காரணத்தைப் பூட்டி வைத்தல்

ஆங்கில எழுத்தாளர் மைக்கேல் மூர்காக்கின் மிகுபுனைவு நாயகன் எல்ரிக், 1961இல் 'சயின்ஸ் ஃபேண்டஸி' என்ற பிரிட்டிஷ் இதழில் வந்த 'தி டிரீமிங் சிட்டி' கதையில் முதன்முதலாகத் தோன்றினான். அந்த முதல் கதையிலேயே அவன் கொள்ளையர் படைக்கு வழிகாட்டித் தன் சொந்த நகரத்தை அழிக்கிறான். காப்பாற்ற நினைத்த காதலியும் அவனுடைய வாளுக்கே பலியாகிறாள். அவன் அந்த நகரத்தின் அரசனாக இருந்த நாட்களைச் சொல்லும் நாவலான 'எல்ரிக் ஆஃப் மெல்நிபோனே' வந்தது 1972இல். அழிவை முதலில் பார்த்துவிட்ட வாசகர்கள் பதினொரு ஆண்டுகள் கழித்துத்தான் அதற்கு முந்தைய வாழ்வை முழு நாவலாகப் படித்தார்கள். இந்த வரிசை திட்டமிட்டதா, தற்செயலா என்பது இங்கே முக்கியமில்லை. காரணம் தெரியாமலே வாசகர்கள் அவனோடு நடந்தார்கள் என்பதுதான் நமக்கு வேண்டிய பாடம்.

தமிழில் ஜி. நாகராஜனின் 'நாளை மற்றுமொரு நாளே' (1974) மிகுபுனைவு இல்லை என்றாலும் இந்த இடத்தில் அதை நினைக்காமல் இருக்க முடியாது. கந்தன் என்பவனுடைய ஒரே ஒரு நாளைத்தான் அந்த நாவல் சொல்கிறது. அவனுக்காக வாதாடுவதும் இல்லை, அவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் இல்லை. எதிர்நாயகரை எழுத விரும்பும் தமிழ் எழுத்தாளர் எவரும் அந்தச் சமநிலையை ஒருமுறையாவது பக்கம் பக்கமாகக் கவனித்துப் படிக்க வேண்டும்.

பெண் பாத்திரம் என்றால் இந்தப் படியில் இரட்டிப்புக் கவனம் தேவை. முசுடான ஓர் ஆணை "அவன் சுபாவம் அப்படி" என்று ஏற்றுக்கொள்ளும் வாசக மனம், முசுடான பெண்ணைக் கண்டதும் அவளுக்கு நேர்ந்த கொடுமை என்ன என்று கேட்கிறது. எழுத்தாளரும் உடனே ஒரு கொடூரக் கணவனையோ வன்கொடுமையையோ கொண்டுவந்து பதிலாக வைத்துவிடுகிறார். அப்படிச் செய்தால் அவளுடைய கூர்மை முழுவதும் யாரோ ஓர் ஆணின் செயலுக்கு எதிர்வினையாகச் சுருங்கிப்போகும். வடிவின் கடந்தகாலத்தைப் பின்னட்டையிலோ முதல் அத்தியாயத்திலோ ஒரு சொல் அளவுக்குக்கூட நான் வைக்கப்போவதில்லை.

மூன்றாம் படி: ஒற்றை வாக்கியம்

பதிப்பாளர் கேட்பார், நண்பர் கேட்பார், புத்தகக் கடைக்காரர் கேட்பார்: "நாவல் யாரைப் பற்றி?" இதற்கு ஒரே வாக்கியத்தில் விடை வேண்டும். அந்த வாக்கியத்தில் குணப்பெயர்கள் இருக்கக் கூடாது. "கரடுமுரடான, தனிமையில் வாடும், மர்மமான ஒப்பாரிப் பாடகி" என்ற வாக்கியம் எதையும் காட்டவில்லை. "செத்தவர்கள் வீட்டைவிட்டுப் போகும்படி அவர்களைப் பற்றிய உண்மையைப் பாடி அனுப்பும் வடிவு, கூடுதல் கூலிக்கு ஒரு வரியை விழுங்கிவிடுவாள், விழுங்கிய வரிகள் இரவில் அவளைத் தேடி வரும்" என்பது காட்டுகிறது. வேலை, தவறு, விலை மூன்றும் இதற்குள் வந்துவிட்டன, முசுடு என்ற சொல் வராமலேயே.

இந்த வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மூச்சு வாங்காமல் சொல்ல முடியவில்லை என்றால், உலகத்தைப் பற்றிய ஏதோ ஒரு விவரம் கூடுதலாக நுழைந்திருக்கிறது. அரச மரபுகள், திசைப் பெயர்கள், பழைய போர்கள் ஆகியவற்றுக்கு இங்கே இடமே இல்லை.

நான்காம் படி: முதற்காட்சி

முன்வெளியீட்டு அறிவிப்போடு ஒரு மாதிரிப் பகுதியை வெளியிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. இதழிலோ இணையத்திலோ வரும் அந்த இரண்டு மூன்று பக்கங்களைப் படித்துத்தான் பலர் முன்பதிவு செய்கிறார்கள். ஆகையால் எதிர்நாயகரின் முதற்காட்சி, நாவலுக்கு வெளியே தனியாக நின்றாலும் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். இந்தப் படிக்குத்தான் நீங்கள் அதிக உழைப்பைச் செலவிட வேண்டும்.

காட்சியை அவருடைய வேலையின் நடுவில் தொடங்குங்கள். காலையில் கண் விழிப்பது, கண்ணாடியில் முகம் பார்ப்பது, மழையில் தனியாக நடந்துவருவது போன்ற தொடக்கங்களில் பாத்திரம் யாரோடும் உரசுவதில்லை. முசுடு என்பது இன்னொருவர் எதிரில் இருக்கும்போதுதான் தெரியவரும் குணம். எதிரில் இருப்பவர் நியாயமான ஒன்றைக் கேட்க வேண்டும், நம் பாத்திரம் அதை மறுக்க வேண்டும், மறுப்பிலும் ஒரு நியாயம் இருக்க வேண்டும்.

வடிவின் முதற்காட்சியிலிருந்து ஒரு துண்டு:

பந்தலுக்குள் நுழைந்தவள் பிணத்தைப் பார்க்கவில்லை. திண்ணையில் அளந்து வைத்திருந்த உப்பில் ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்தாள். துப்பினாள்.

"நனைஞ்ச உப்பு. வேற கொண்டு வாரும்."

"அம்மா கிடக்கிற கிடையில உப்பையா பார்த்துக்கிட்டு இருக்கிறது?" என்றான் மூத்தவன்.

"உங்க அம்மா எங்கயும் போயிர மாட்டா. நான் பாடி முடிக்கிற மட்டும் இங்கனதான் இருப்பா."

அழுதுகொண்டிருந்த பெண்கள் வாயை மூடிக்கொண்டார்கள். உள்ளிருந்து வேறு உப்பு வந்தது. அவளே மரக்காலை வாங்கி, விளிம்புக்கு மேல் குவிந்ததைக் கையால் வழித்துத் தலைதட்டி அளந்தாள். ஒரு கல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பிறகு தலைமாட்டில் போய் உட்கார்ந்து, செத்தவளின் விலகியிருந்த முந்தானையை இழுத்து மார்பை மூடினாள்.

"சொல்லு தாயீ," என்றாள் பிணத்திடம். "எங்கேயிருந்து தொடங்கட்டும்?"

இந்தத் துண்டில் மூன்று செய்திகளைக் கவனிக்க வேண்டும். மூத்தவனின் கேள்வி நியாயமானது. அவளுடைய பதில் கொடூரமானது. ஆனால் அந்தப் பதிலுக்குள்தான் இந்த உலகத்தின் விதி முதன்முதலாகச் சொல்லப்படுகிறது. அதாவது அவளுடைய முசுட்டுத்தனமே வாசகருக்குச் செய்தி கொண்டுவருகிறது. இப்படி அமைந்துவிட்டால், வாசகர் அடுத்த வெடுக்கென்ற பதிலுக்காகக் காத்திருக்கத் தொடங்குவார்.

அடுத்தது, தலைதட்டி அளப்பது. கூடுதலாக எடுத்துக்கொள்ள வாய்ப்பிருந்தும் எடுக்காதவள், சில பக்கங்கள் கழித்து அதே மூத்தவனிடம் ஒரு வரியை விடுவதற்காகத் தனியாக உப்பு வாங்கப்போகிறாள். அவளிடம் ஒரு கணக்கு இருக்கிறது, அது நம் கணக்கு இல்லை என்பது வாசகருக்கு அப்போது உறைக்கும்.

மூன்றாவதாக, அந்த முந்தானை. அந்த வரிக்குப் பின் "அதை யாரும் கவனிக்கவில்லை" என்று ஒரு வாக்கியம் சேர்க்கக் கை துறுதுறுக்கும். சேர்க்காதீர்கள். அந்த வாக்கியம், பாத்திரத்தின் ஈரத்தை வாசகர் கவனித்தே ஆகவேண்டும் என்று ஆசிரியர் மன்றாடுவதாகிவிடும். ஈரமான செயல் ஒன்றே ஒன்று இருக்கட்டும். அது வேலையின் ஓர் அங்கம் போலவே கடந்துபோகட்டும். நாய்க்குட்டிக்குச் சோறு வைப்பது, பிச்சைக்காரருக்குக் காசு போடுவது போன்றவற்றை முதற்காட்சியில் புகுத்தினால், தேர்ந்த வாசகர் அதை உடனே அடையாளம் கண்டு சலித்துக்கொள்வார்.

பார்வைக் கோணத்தையும் இங்கேயே முடிவு செய்துவிட வேண்டும். முசுட்டுப் பாத்திரத்தின் மனத்துக்குள் நுழைவதா, வெளியே நிற்பதா? ஜோ அபர்குரோம்பி 2006இல் வெளியிட்ட 'தி பிளேட் இட்செல்ஃப்' நாவலில், குளோக்டா என்ற விசாரணை அதிகாரி வாயால் பேசுவது ஒன்று, உள்ளே நினைப்பது வேறொன்று. ஒரு காலத்தில் புகழ்பெற்ற வாள்வீரனாக இருந்து, எதிரிச் சிறையில் சித்திரவதைப்பட்டு உருக்குலைந்து திரும்பியவன், இப்போது தானே சித்திரவதை செய்யும் வேலையில் இருக்கிறான். படிக்கட்டு ஏறுவதே அவனுக்கு வேதனை. அந்த உள்மனப் பேச்சின் கசப்பான கூர்மைதான் வாசகர்களை அவனிடம் இழுத்தது. தஸ்தயேவ்ஸ்கி 1864இல் எழுதிய 'நிலவறைக் குறிப்புகள்' இன்னும் ஒரு படி மேலே போய், தன்மையில் பேசும் கதைசொல்லி நேரடியாக வாசகரிடமே சண்டை பிடிக்கும்படி செய்தது.

உள்ளே நுழைந்தால் வாசகருக்கு நெருக்கம் உடனே கிடைக்கும். ஆனால் மனத்துக்குள் நுழைந்தபின் கடந்தகாலத்தை மறைத்து வைப்பது ஏமாற்றுவேலை போலத் தோன்றும். வெளியே நின்றால் மறைப்பு இயல்பாக அமையும். ஆனால் செயல்கள் அத்தனையும் துல்லியமாக இருக்க வேண்டும். பூட்டி வைக்க வேண்டிய காரணம் கனமானதாக இருந்தால், முதற்காட்சிக்கு வெளிப்பார்வையே பாதுகாப்பானது என்பது என் தீர்ப்பு. வடிவை முதல் அத்தியாயம் முழுவதும் அந்த வீட்டாரின் கண் வழியாகவே காட்டியிருக்கிறேன்.

ஐந்தாம் படி: பேச்சும் விளியும்

முசுட்டுத்தனத்தைக் காட்டத் தமிழில் கிடைக்கும் கருவிகள் வளமானவை. வசைச் சொற்களை அள்ளிக் கொட்டுவது அவற்றுள் மிகவும் மழுங்கிய கருவி. யாரை நீ என்கிறார், யாரை நீர் என்கிறார், யாரை நீங்கள் என்கிறார் என்பதிலேயே முழு உறவும் தெரிந்துவிடும். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து 'வாரும்', 'சொல்லும்' என்ற வடிவங்களில் மரியாதையும் விலகலும் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. பணக்கார வீட்டு மூத்த மகன் 'வாங்க, சொல்லுங்க' என்பதை எதிர்பார்த்து நிற்கும்போது, 'வேற கொண்டு வாரும்' என்று அவள் நிறுத்திக்கொண்டால், அவமதிக்கவும் இல்லை, பணியவும் இல்லை. அந்த ஒரு வினைமுற்று அவனைக் குத்தும்.

ஒப்பாரியின் இயல்பும் இதற்குக் கைகொடுக்கிறது. நா. வானமாமலை போன்ற அறிஞர்கள் தொகுத்த நாட்டுப் பாடல்களில் இருக்கும் ஒப்பாரிகளைப் படித்தால், பாடுபவர் செத்தவரையே முன்னிலையில் வைத்து, 'என்னப் பெத்த அம்மா' என்றும் 'ராசா' என்றும் விளித்துப் பேசுவது தெரியும். ஆகவே உயிரோடு இருப்பவர்களிடம் 'நீர்' என்று விலகி நிற்கும் வடிவு, பிணத்திடம் மட்டும் 'தாயீ' என்கிறாள். அவள் யாரிடம் நெருக்கம் கொள்கிறாள் என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. உங்கள் பாத்திரம் யாரிடம் மட்டும் குரலைத் தாழ்த்துகிறார் என்று கண்டுபிடித்து, அந்த ஒரு விளியை வேறு எவருக்கும் பயன்படுத்தாமல் காப்பாற்றி வையுங்கள்.

வெடுக்கென்ற பதில்கள் குட்டையாக இருக்கட்டும், அடுத்தடுத்து வரவேண்டாம். ஒரு பக்கத்தில் இரண்டு முறை குத்தினால் போதும். ஒவ்வொரு பேச்சும் பஞ்ச் வசனமாகிவிட்டால் திரைப்பட நாயகனின் சாயல் வந்துவிடும், வலி போய்விடும்.

இங்கே ஒரு கவலையையும் சொல்லிவிட வேண்டும். நம் மண்ணில் சாவு வீட்டு வேலைகள் சாதியோடு பிணைக்கப்பட்டவை. பல சமூகங்கள் மீது அவை கட்டாய உழைப்பாகச் சுமத்தப்பட்டிருக்கின்றன. அத்தகைய வேலையைச் செய்யும் பாத்திரத்தைக் கற்பனை நாட்டில் வைத்துவிட்டதாலேயே அந்த வரலாறு நம்மை விட்டுவிடாது. அறிமுகக் குறிப்பில் அந்த வேலையை மர்ம அழகாகவோ அருவருப்பாகவோ பூசி எழுதக் கூடாது. வடிவின் உலகில் யார் வேண்டுமானாலும் இந்தத் தொழிலுக்கு வரலாம், ஆனால் வந்தவருக்கு எந்தத் திண்ணையிலும் தண்ணீர் கிடைக்காது. அந்த அவமதிப்பை நாவலின் நடுவே ஒரு சிக்கலாகவே வைத்திருக்கிறேன், அலங்காரமாக வைக்கவில்லை.

ஆறாம் படி: பின்னட்டைக் குறிப்பு

ஐம்பது சொற்கள் அளவே போதும். முதலில் உலகின் விதி, அடுத்துப் பாத்திரத்தின் தொழில், கடைசியாக இந்த நாவலில் அவர் முன் வைக்கப்படும் பேரம். அதற்கு மேல் சொல்லாதீர்கள். வடிவின் நாவலுக்கு நான் எழுதியிருக்கும் குறிப்பு இது:

"உப்பளக் கரையில் செத்தவர்கள் தாமாகப் போவதில்லை. அவர்கள் வாழ்ந்த வாழ்வை ஒரு பொய்யும் கலக்காமல் விடியும் முன் பாடி முடிக்க வேண்டும். வடிவு பாடுவாள், உப்பை அளந்தால். இன்னும் கொஞ்சம் அளந்தால் ஒரு வரியை விட்டுவிடுவாள். அளத்துக்கெல்லாம் உரிமையாளரான கிழவர் இறந்த இரவில், அவருடைய பிள்ளைகள் வடிவின் முன் மூட்டை மூட்டையாக உப்பை அடுக்குகிறார்கள். அவர்கள் விடச் சொல்வது ஒரு வரியை இல்லை, முழுப் பாட்டையும்."

இதில் 'இருள்', 'ரத்தம்', 'விதி', 'சாபம்' போன்ற சொற்கள் ஒன்றுகூட இல்லை. இருண்ட மிகுபுனைவின் பின்னட்டைகளில் அந்தச் சொற்கள் தேய்ந்துபோய்விட்டன. 'காதலும் துரோகமும் கலந்த' என்ற வகைத் தொடர்களையும் தவிர்த்துவிடுங்கள். புகழ்பெற்ற அயல்நாட்டு நாவல் எதனோடும் ஒப்பிட்டு விளம்பரம் செய்வதும் வேண்டாம். போர்க்களத்தில் பேய்கள் கூழ் சமைத்துப் பரிமாறும் 'கலிங்கத்துப்பரணி'யைப் பெற்ற மொழியில் இருளுக்குக் கடன் வாங்க வேண்டிய தேவையே இல்லை.

அட்டைப்படம் குறித்து ஓவியருக்கு ஒரே ஒரு வேண்டுகோள் வையுங்கள்: முக்காடு போட்ட உருவம் முதுகைக் காட்டி நிற்க வேண்டாம்.

ஏழாம் படி: இருளின் அளவைச் சொல்லிவிடுதல்

எதிர்நாயகருக்கு வக்காலத்து வாங்கக் கூடாது என்பதற்கு, அவர் செய்வதை மறைக்க வேண்டும் என்று பொருள் கொள்ளக் கூடாது. ஸ்டீபன் டொனால்ட்சனின் 'லார்ட் ஃபவுல்ஸ் பேன்' 1977இல் வந்தது. அதன் முதன்மைப் பாத்திரமான தாமஸ் கோவனன்ட், தொழுநோயால் எல்லாராலும் ஒதுக்கப்பட்டவன். நாவலின் முற்பகுதியிலேயே, தனக்கு உதவிய இளம்பெண்ணை வன்புணர்வு செய்கிறான். அந்தக் குற்றத்தின் விளைவுகளை டொனால்ட்சன் அதன்பின் வந்த பாகங்கள் வரைக்கும் தொடர்ந்து சுமக்கவைத்தார். ஆனாலும் பல வாசகர்கள் அந்த இடத்திலேயே நூலை மூடிவைத்துவிட்டார்கள், அவர்களைக் குறை சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

உங்கள் நாவலில் குழந்தைகளின் மரணம், பாலியல் வன்முறை, தற்கொலை, சித்திரவதை ஆகியவற்றில் எது இருந்தாலும், நூலின் முதல் பக்கங்களிலும் முன்வெளியீட்டு அறிவிப்பிலும் ஒரே வரியில் நேராகச் சொல்லிவிடுங்கள். இப்படிச் சொன்னால் கதையின் அதிர்ச்சி கெட்டுப்போகும் என்று சிலர் வாதிடுகிறார்கள். முன்பே சொன்னதால் கெட்டுப்போகும் அதிர்ச்சிக்கு அந்த ஒரு கணத்தைத் தவிர வேறு வலு இல்லை. பாத்திரம் செய்யும் தவறுக்கும் பாத்திரத்துக்கு நேரும் கொடுமைக்கும் நடுவிலுள்ள வேறுபாடு அந்த வரியில் தெரியவேண்டும். வாசகர் எதற்குத் தயாராக வேண்டும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது.

எட்டாம் படி: முதல் வாசகர்கள்

முதற்காட்சியையும் பின்னட்டைக் குறிப்பையும் இரண்டு வகையினரிடம் கொடுங்கள். மிகுபுனைவு படித்துப் பழகியவர் ஒரு வகை. அந்தப் பக்கமே போகாத, ஆனால் நல்ல நாவல்கள் படிக்கிறவர் இன்னொரு வகை. பாத்திரத்தைப் பிடித்திருக்கிறதா என்று கேட்க வேண்டாம். அந்தக் கேள்விக்கு நண்பர்கள் உண்மையான பதில் சொல்வதில்லை. உங்கள் வீட்டில் ஒரு சாவு விழுந்தால் இவளை அழைப்பீர்களா என்று கேளுங்கள். 'வேறு வழியில்லை என்றால் அழைப்பேன்' என்ற விடை வந்தால் அறிமுகம் சரியாக அமைந்திருக்கிறது. 'பாவம், அவளுக்கு என்ன ஆச்சோ' என்று வந்தால், எங்கோ ஓரிடத்தில் நீங்கள் மன்றாடியிருக்கிறீர்கள். அந்த வாக்கியத்தைத் தேடிப் பிடித்து நீக்குங்கள். 'அவளைப் பார்த்தாலே எரிச்சலாக இருக்கிறது' என்று வந்தால், பெரும்பாலும் அவளுடைய திறமை போதிய அளவு காட்டப்படவில்லை. அப்போது பேச்சைக் குறைக்க வேண்டாம், வேலையைக் கூட்டுங்கள்.

ஒன்பதாம் படி: வெளியீட்டுக்கு முந்தைய வாரங்கள்

தமிழ்ப் பதிப்புலகின் ஆண்டுக்கணக்கு பபாசி என்ற பதிப்பாளர், புத்தக விற்பனையாளர் சங்கம் நடத்தும் சென்னைப் புத்தகக் காட்சியைச் சுற்றியே ஓடுகிறது. அது பெரும்பாலும் பொங்கலை ஒட்டி நடப்பதால், டிசம்பரில் அறிவிப்புகள் குவிந்துவிடும். அந்த நெரிசலில் உங்கள் பாத்திரம் காணாமல் போகாமலிருக்க, ஒற்றை வாக்கியத்தை அக்டோபரிலும், மாதிரிக் காட்சியை நவம்பரிலும், பின்னட்டைக் குறிப்பை அட்டைப்படத்தோடு டிசம்பர் தொடக்கத்திலும் வெளியிடுவது நல்லது. மூன்றையும் ஒரே நாளில் கொட்டினால் மூன்றும் வீணாகும். ஒவ்வொன்றிலும் ஒரு புதிய செய்தி மட்டும் இருக்கட்டும்: முதலில் தொழில், பிறகு நாக்கு, பிறகு பேரம்.

அணிந்துரை எழுதித் தருபவரிடம், பாத்திரத்தின் கடந்தகாலத்தை வெளியிட வேண்டாம் என்று முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். நாவலை முழுவதும் படித்தவர் என்பதால், அன்பின் மிகுதியில் அதைத்தான் அவர் முதலில் எழுதுவார். மெய்ப்புப் பார்க்கும்போது அணிந்துரையையும் இந்தக் கண்ணோடு படியுங்கள்.

வெளியீட்டுக் கூட்டத்தில் வாசகர் ஒருவர் எழுந்து, "இவள் ஏன் இப்படி இருக்கிறாள்?" என்று கேட்பது உறுதி. கேள்வி அன்பானதாக இருக்கும். பதில் சொல்லவும் ஆசையாக இருக்கும். அப்போது அவள் ஏன் அப்படி என்பதை விளக்காமல், நாவலில் அவள் செய்யும் இன்னொரு செயலைச் சொல்லுங்கள். வடிவைப் பற்றிக் கேட்டால் நான் சொல்வதற்கு ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன்: தன் குடிசை வாசலில் இரவில் வந்து நிற்கும் வரிகளை அவள் விரட்டுவதில்லை, ஒவ்வொன்றும் எந்த வீட்டிலிருந்து வந்தது, அதற்கு எத்தனை மரக்கால் வாங்கினாள் என்று பெயர் சொல்லிக் கணக்குப் பார்த்த பிறகுதான் கதவைச் சாத்துவாள்.